வயலில் தொடங்கிக் கடலில் முடியும் விடுமுறை: கொங்கு நாட்டுக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், பொள்ளாச்சி, உடுமலை பகுதிகளிலிருந்து குடும்பத்தோடு சில நாட்கள் வெளியே சென்றுவர எண்ணுபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஊர்ப்புறத்தில் சில நாள், கடலோரத்தில் சில நாள் என இரண்டையும் ஒரே பயணத்தில் இணைக்க விரும்புபவர்களை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டுள்ளன.

கொங்கு நாட்டில் கடலே இல்லையே, இரண்டையும் எப்படி ஒரே பயணத்தில் சேர்ப்பது?

ஏதேனும் ஓர் ஆற்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அது போகும் திசையிலேயே போவதுதான் எமக்குத் தெரிந்தவரை மிகச் சிறந்த வழி. கொங்கு நாட்டு ஆறுகள் இரு கடல்களுக்குப் பிரிந்து செல்கின்றன. பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் காவிரியில் கலந்து பூம்புகார் அருகே வங்கக் கடலை நோக்கிப் போகின்றன. பொள்ளாச்சியை ஒட்டி ஓடும் ஆழியாறோ மேற்கே திரும்பி, கேரளத்தின் சித்தூர்ப் பகுதி வழியாகப் பாரதப்புழையில் சேர்ந்து, பொன்னானியில் அரபிக் கடலை அடைகிறது. தோட்டத்து வாய்க்காலில் கால் நனைத்த பிள்ளைகள், இரண்டு நாள் கழித்து அந்த ஆற்றின் முகத்துவாரத்திலேயே போய் நிற்கும்போது, புவியியல் பாடம் அவர்களுக்கு வேறு வகையில் விளங்கிவிடுகிறது. வரைபடத்தைப் பார்த்து ஏழு இடங்களைக் குறித்துக்கொண்டு காரிலேயே நாளைக் கழிக்கும் சுற்றுலாவை நாம் பரிந்துரைப்பதில்லை.

மேற்குக் கடலா, கிழக்குக் கடலா? எது நமக்கு ஏற்றது?

கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்கு மேற்குக் கடலே அருகில் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் இடையே சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய், மலையேறாமலேயே நம்மைக் கேரளக் கரைக்குக் கொண்டு சேர்க்கிறது. இது புதிதாகக் கண்ட வழியும் அல்ல. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் பட்டை தீட்டப்பட்ட பச்சைக்கல் மணிகள் இக்கணவாய் வழியாகவே முசிறித் துறைமுகத்துக்குச் சென்று, அங்கிருந்து ரோமாபுரிக்குக் கப்பலேறின என்பது ஆய்வாளர்களின் கருத்து. கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்திருப்பது அந்த வணிகத்துக்குச் சான்றாக நிற்கிறது.

ஈரோடு, கரூர்க்காரர்களுக்குக் காவிரி வழி இயல்பாக அமையும். கோவையிலிருந்து காலையில் புறப்பட்டு, திருப்பூர், ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகப் பிற்பகலில் மயிலாடுதுறையை அடையும் ஜன சதாப்தி ரயில் ஏறக்குறைய காவிரியோடு சேர்ந்தே செல்கிறது. வாரத்தில் எந்த நாள் அது ஓடாது என்பதை முன்பதிவின்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை, பழனிப் பகுதியினருக்குப் பாலக்காடு–திருச்செந்தூர் ரயில் மூன்றாவது வாய்ப்பாகும். வண்டி மாறாமலேயே முருகன் கோயில் வாசலில் கடலைக் காணலாம்.

எந்த மாதத்தில் போகலாம்?

மார்கழியிலிருந்து மாசி வரை மேற்குக் கரைக்கு மிகப் பொருத்தமான காலம். அப்போது அரபிக் கடல் அமைதியாக இருக்கும். நம் பக்கத்திலும் வெயில் ஏறியிருக்காது. மஞ்சள் வெட்டு, கரும்பு ஆட்டு, பொங்கல் எல்லாம் ஒருசேர வரும். அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் இதற்குள் அடங்கிவிடுவது பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு வசதி.

ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவமழையால் அரபிக் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதால், அந்நாட்களில் மேற்குக் கரையில் கடலில் இறங்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். ஆனால் அதே நாட்களில் கணவாய் வழியாக வீசும் காற்றால் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் முழுவேகத்தில் சுழல்வதையும், சாரலில் பொள்ளாச்சித் தோப்புகள் பசுமை கட்டி நிற்பதையும் காணலாம். ஊர்ப்புறத்தோடு நிறுத்திக்கொள்ள விரும்புபவர்களுக்கு ஆடி நல்ல மாதமே. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வங்கக் கரையைத் தாக்கும் என்பதால் கிழக்கே செல்லும் பயணத்தைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. சித்திரை, வைகாசியில் போகத்தான் முடியும் என்றால், கடற்கரை நேரத்தைக் காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை நான்கரை மணிக்குப் பின்பும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் தங்கி நாள் முழுக்க என்ன செய்வது? பிள்ளைகளுக்குச் சலித்துவிடாதா?

வேலை நடக்கும் தோட்டத்தில் தங்கினால் சலிக்காது. நீச்சல் குளமும் புல்தரையும் வைத்துவிட்டுப் பண்ணை வீடு என்று பெயர் சூட்டிய இடங்களில் தங்கினால் இரண்டாம் நாளே சலித்துவிடும். ஆகவே பதிவு செய்வதற்கு முன்பு, அங்கே மாடு உண்டா, அந்த வாரம் என்ன வேலை நடக்கிறது, கூட நின்று பார்க்கலாமா என்ற மூன்றையும் கேட்டுவிட வேண்டும். உறவினரின் தோட்டத்துச் சாளை (தோட்டத்துக் குடில்) கிடைத்தால் அதற்கு மேலான விடுதி வேறில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் என்றால் தென்னையைச் சுற்றியே ஒரு நாள் போய்விடும். நிலத்தில் நட்ட பாரையில் காயைக் குத்தி, மூன்று நான்கு திருப்பில் மட்டையை உரித்து எறிபவரின் கைவேகத்தைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். களத்தில் கொப்பரை காய்வதையும், நாரைத் திரித்துக் கயிறாக்குவதையும் பார்த்தபின் வீட்டுக் கிணற்றுக் கயிறு எங்கிருந்து வந்தது என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடுமலை வட்டாரத்தில் பட்டுப்புழு மனைகள் உள்ளன. உரிமையாளரின் அனுமதியோடு உள்ளே சென்றால், ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் முசுக்கொட்டை இலையைத் தின்னும் ஓசை தூறல் விழுவதைப் போலக் காதில் கேட்கும். மனைக்குள் நோய் பரவாதிருக்க, கால் கழுவிக்கொண்டு உள்ளே போவது அவசியம்.

கோபி, கவுந்தப்பாடிப் பக்கம் தங்கினால் கரும்பாலையைத் தவறவிட வேண்டாம். பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை போகும் ஊர் கவுந்தப்பாடி. காய்ந்த கரும்புச் சக்கையையே எரித்து, பெரிய கொப்பரையில் சாற்றைக் காய்ச்சுகிறார்கள். சிறிது சுண்ணாம்பு சேர்த்ததும் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வர, அதை நீண்ட கரண்டியால் வழித்து எடுக்கிறார்கள். பச்சை கலந்த சாறு மெல்லப் பொன்னிறமாகிக் குமிழிகள் கனத்து வெடிக்கத் தொடங்கும்போது, பாகின் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்வார் ஒருவர். பிறகு மரத் தொட்டியில் ஊற்றி, ஆறும்வரை மரக் கருவியால் தேய்த்துக்கொண்டே இருக்கப் பாகு கண்முன்னே பொடியாக உதிர்கிறது. கொப்பரைக்கும் அடுப்புவாய்க்கும் பிள்ளைகளை நெருங்கவிடக் கூடாது. எட்ட நின்று பார்த்தாலே போதும், சூடான சர்க்கரை கையில் கிடைக்கும்.

காங்கேயம் வட்டாரத்தில் கிளுவை வேலிகளால் சூழப்பட்ட கொறங்காடுகளைக் காணலாம். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிறைந்த இந்த மேய்ச்சல் நிலங்களே காங்கேயம் மாட்டினத்தை வளர்த்தவை. மழை குறைந்த மண்ணில் மேய்ச்சலுக்கென்றே நிலத்தை ஒதுக்கி வேலியடைத்துக் காத்த முறை நம் முன்னோரின் பேரறிவு என்றே நாம் கருதுகிறோம். அவை கட்டட மனைகளாவதற்கு முன் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, அரிசியும் பருப்பும் சாதம், சந்தகை, கொள்ளு ரசம், கம்மங்கூழ், ஒப்பிட்டு ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். பனை உள்ள ஊர்களில் பருவத்தில் விடியற்காலை தெளுவு (பதநீர்) கிடைக்கும். இறக்கிய உடனே குடித்துவிட வேண்டும்.

கிணற்றிலும் ஆற்றிலும் அணைக்கட்டிலும் குளிக்கலாமா?

கொங்கு நாட்டுக் கிணறுகள் பாறையை வெட்டிச் சதுரமாக, ஆழமாகத் தோண்டப்பட்டவை. சுரைப்புருடையை (காய்ந்த சுரைக்குடுக்கையை) முதுகில் கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய தலைமுறை நமக்கு முன் இருந்தது. இன்றும் பழகலாம், ஆனால் நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே உடன் இருக்க வேண்டும். படி எந்தப் பக்கம், கயிறு எங்கே என்பதைப் பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

பவானி ஆற்றில் கோபிக்கு அருகேயுள்ள கொடிவேரி அணைக்கட்டு குடும்பத்தோடு குளிக்க ஏற்ற இடம். பரிசலும் உண்டு, கரையில் மீன் வறுவலும் உண்டு. பவானிசாகரில் நீர் கூடுதலாகத் திறக்கப்படும் நாட்களில் அங்கு அனுமதிக்க மாட்டார்கள். பாசன வாய்க்கால்களில் மட்டும் குளிக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறோம்: சிமெண்ட் சரிவில் பாசி படிந்திருக்கும், பிடிக்க எதுவும் இராது, வேகமும் வெளியே தெரியாது.

ஆழியாறு, வால்பாறை, டாப்சிலிப் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

வேண்டாம். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு அணை சுமார் 24 கிலோமீட்டர். அங்கிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். டாப்சிலிப் சேத்துமடை வழியாகச் செல்லும் வேறு பாதை. ஒரு நாளுக்கு ஒன்று போதும். வால்பாறையில் புதுத்தோட்டம் அருகே சிங்கவால் குரங்குகள் சாலையோரத்திலேயே தென்படும். அவற்றுக்குத் தின்பண்டம் கொடுப்பது அவை வண்டியில் அடிபட்டுச் சாவதற்கு வழி செய்வதாகும். டாப்சிலிப்பும் வால்பாறைக் காடுகளும் 2007 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வருவதால், வனத்துறையின் அனுமதி நடைமுறைகளையும், கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் மூடப்பட்டிருக்கிறதா என்பதையும் புறப்படுமுன் கேட்டறிய வேண்டும். டாப்சிலிப்பில் கோழிகமுத்தி யானை முகாம் காணத் தக்கது.

பறவை பார்க்க அருகில் இடம் உண்டா?

ஈரோட்டுக்கு அருகே வெள்ளோடும், திருப்பூரில் நஞ்சராயன் குளமும் உள்ளன. முன்னது 2022 இலும் பின்னது 2024 இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கார்த்திகை முதல் மாசி வரை, விடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடுங்கள்.

பொன்னானியில் என்ன பார்க்கலாம்? எப்படிப் போவது?

கோவை, பாலக்காட்டிலிருந்து மங்களூர் செல்லும் ரயில்கள் ஷொரணூரைக் கடந்து குற்றிப்புரத்தில் நிற்கும். அங்கிருந்து பேருந்தில் பொன்னானியை அடையலாம். இப்பாதையில் ரயில் சன்னலிலிருந்து பாரதப்புழை பலமுறை கண்ணில் படும். 209 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறு கோடையில் பெரும்பாலும் மணலாகக் கிடப்பதைப் பார்க்கும்போது, பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் மேற்கே பாயும் நீரைச் சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே திருப்பித்தான் நம் பல்லடம், உடுமலை விளைநிலங்களுக்கும் பாசனம் தருகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம். நம் தோட்டத்துத் தண்ணீருக்கு மறுகரையிலும் ஒரு கணக்கு உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டியதே.

பொன்னானியில் மீன்பிடித் துறைமுகம், கலங்கரை விளக்கம், பழைமையான ஜும்மா பள்ளிவாசல், கழிமுகத்தில் இறங்கும் வலசைப் பறவைகள் ஆகியவை உள்ளன. ஆறும் கடலும் கூடுமிடத்தில் நின்று பார்க்கலாம். இறங்கிக் குளிக்கக் கூடாது. குளிப்பதற்கும் கோயில் தரிசனத்துக்கும் சேர்த்துத் திட்டமிடுபவர்கள் குருவாயூரில் தங்கி, அருகிலேயே உள்ள சாவக்காட்டுக் கடற்கரைக்கு மாலையில் செல்லலாம். பெரிய ஊர் வேண்டுமென்றால் கோழிக்கோடும், சீன வலைகள் உள்ள கொச்சிக் கோட்டையும் அடுத்தடுத்த தேர்வுகள்.

கிழக்கே போனால் பூம்புகாரில் தங்கலாமா, தரங்கம்பாடியிலா?

தரங்கம்பாடியில் தங்கி, பூம்புகாரைப் பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லது. முற்காலச் சோழரின் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினம் இருந்த இடத்தில் காவிரி ஒரு சிறிய வாய்க்கால் அளவில்தான் கடலைச் சேர்கிறது. வெள்ளநீரில் பெரும்பகுதி கொள்ளிடம் வழியே போய்விடுகிறது. பவானி கூடுதுறையிலும் கொடுமுடியிலும் அகன்ற காவிரியைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் காட்சி மனத்தைத் தைக்கும். ஆற்றின் வழியே வந்தவர்கள் அதை அவசியம் பார்க்க வேண்டும்.

தரங்கம்பாடியில் 1620 இல் டென்மார்க்குக்காரர்கள் கட்டிய டேனிஷ் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706 இல் இங்கு வந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, இவ்வூர் அச்சகத்திலேயே அச்சாகி 1715 இல் நிறைவுற்றது. 1845 இல் டென்மார்க் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றது. அலைக்கு அருகில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டது. ஊர் சிறியது; எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம் என்பதால் முதியவர்களுக்கும் ஏற்றது.

எங்களுக்குக் கிணற்றில் நன்றாக நீந்தத் தெரியும். கடலில் இறங்கலாம் அல்லவா?

இந்தக் கேள்வியே நமக்கு அதிகம் கவலை தருவது. கிணற்றில் தண்ணீர் நிற்கிறது. கடலில் தண்ணீர் நம்மை எடுத்துச் செல்கிறது. அலைகள் கரைக்குத் தள்ளிய நீர் ஏதேனும் ஒரு குறுகிய வழியாகத்தான் திரும்பக் கடலுக்குள் போகும். அந்த இடத்தில் அலை உடையாமல் மட்டமாக, சற்றே கறுத்தோ மணல் கலங்கியோ, நுரை உள்நோக்கி நகர்வதாகத் தெரியும். பழக்கமில்லாதவர்கள் அதையே அமைதியான இடம் என்று நம்பி இறங்குகிறார்கள். அந்த நீரோட்டம் ஆளை அடியில் அமுக்குவதில்லை, கடலுக்குள் இழுத்துச் செல்கிறது. அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த பிறகு கரையேற வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். கரையில் நிற்பவர் உடனே பாய்ந்துவிடாமல், மிதக்கக்கூடிய எதையாவது எறிந்து, உயிர்காப்பாளரையோ மீனவரையோ கூப்பிட வேண்டும்.

இன்னொரு அபாயத்துக்குக் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் கள்ளக்கடல் என்று பெயர். தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களால் உண்டான பேரலைகள் இங்கே காற்றோ மேகமோ இல்லாத நாளில் திடீரென வந்து கரையேறும். கோடை மாதங்களில் இது மிகுதி. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. செய்தியில் அப்பெயர் வந்தால் அன்று பாறைமேல் ஏறுவதோ நீரில் நிற்பதோ கூடாது.

எல்லா நாட்களுக்கும் பொருந்தும் விதி ஒன்று உண்டு: எங்கே இறங்கலாம் என்று உள்ளூர் மீனவர் ஒருவரைக் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் வாதாட வேண்டாம்.

இறங்காமல் கடற்கரையில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

ஈர மணலில் அலை எட்டிய இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுச் சாப்பிடப் போகச் சொல்லுங்கள். திரும்பி வந்து பார்த்தால் கடல் ஏறியதும் இறங்கியதும் தெரியும். நாளொன்றுக்குப் பொதுவாக இரு ஏற்றமும் இரு வற்றமும் உண்டு; ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தும்; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேறுபாடு மிகும். மூன்று நாள் தங்கினால் பிள்ளைகளே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நண்டு வளைகளைச் சுற்றிச் சிறு மணல் உருண்டைகள் பரப்பப்பட்டிருப்பதையும், ஊதாப் பூக்களோடு படரும் அடும்பங்கொடி மணலைப் பிடித்து வைத்திருப்பதையும் காட்டுங்கள். அக்கொடியைப் பிடுங்க விடாதீர்கள். கரையொதுங்கிய சொறிமீன் (ஜெல்லி மீன்) செத்துக் கிடந்தாலும் கொட்டும் என்பதால் தொடக் கூடாது. பட்டுவிட்டால் கடல்நீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நல்ல மீன் எங்கே, எப்போது கிடைக்கும்?

விடியற்காலை துறைமுக ஏலத்துக்குப் போங்கள். கூடை கூடையாகக் கொட்டிய மத்தியையும் அயிலையையும் சுற்றி நிற்பவர்கள் தலையசைப்பிலேயே விலை ஏற்றுவதை ஓரமாக நின்று பார்க்கலாம்; வேலைக்கு இடைஞ்சலாக நிற்கக் கூடாது. கண் தெளிவாகவும், செவுள் சிவப்பாகவும், விரலால் அழுத்தினால் சதை உடனே மேலெழுவதாகவும் இருந்தால் அது புதுமீன். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களும், கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்களும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன்கள் இனம் பெருக வேண்டும் என்பதற்காக விதிக்கப்பட்ட இத்தடைக் காலத்தில் சிறு படகுகளின் மீன் மட்டுமே வரும், விலையும் கூடும்.

நாங்கள் சைவம். புரட்டாசியில் போனால் சாப்பாட்டுக்குச் சிரமமா?

குருவாயூரிலும் மயிலாடுதுறையிலும் சிரமமே இல்லை. மற்ற கடலோர ஊர்களில் தங்குமிடத்தில் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மொத்தம் எத்தனை நாள் வேண்டும்? வயதானவர்களை அழைத்துச் செல்லலாமா?

தோட்டத்தில் இரண்டு இரவு, கடலோரத்தில் இரண்டு இரவு, நடுவே பயணத்துக்கு ஒரு பகல் என்று வைத்துக்கொண்டால் அவசரமில்லாமல் அமையும். முதலில் தோட்டம், பிறகு கடல் என்ற வரிசையையே நாம் சொல்வோம். கடலைப் பார்த்த பிள்ளைகள் அதன்பின் கிணற்றடியில் உட்கார மாட்டார்கள். அப்பச்சி, அம்மாயி, அப்பாரு, ஆத்தா ஆகியோரைக் கண்டிப்பாக அழைத்துச் செல்லுங்கள். தோட்டத்து வேலைகளைப் பேரப்பிள்ளைகளுக்கு அவர்களைவிட நன்றாக விளக்க யாராலும் முடியாது. அவர்களுக்காகத் தரைத்தளத்தில் அறை, ரயிலில் கீழ்ப்படுக்கை அல்லது சன்னலோர இருக்கை, வழக்கமான மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு என மூன்றையும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். பொங்கலுக்கும் அரையாண்டு விடுமுறைக்கும் ரயில் இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், முன்பதிவு திறந்த அன்றே சீட்டு எடுத்துவிட்டு, அதன் பிறகு தங்குமிடம் தேடுங்கள்.